இரண்டாம் வருடமா, மூன்றாம் வருடமா

எச்.என்.டி. என்கிற உயர் தேசிய டிப்ளோமாவை முடித்துவிட்டுப் பிறைவேற் கம்பசுக்கு மாறி வருகிற பிள்ளைகளின் கோப்பைத் திறந்தால், எல்லோரும் முதலில் தேடுவது ஓர் இலக்கத்தை. எத்தனை கிறெடிட் விலக்களிப்புக் கிடைக்கும், அதாவது முன்னம் படித்ததைக் கணக்கில் எடுத்து எவ்வளவு படிப்பை விட்டுத் தருவார்கள்? பிள்ளை கேட்பதும் அதைத்தான், பெற்றோர் கேட்பதும் அதைத்தான், அனுமதிப் பிரிவில் இருப்பவர்கள் பெருமையாகச் சொல்வதும் அதைத்தான். கிடைக்கக்கூடிய விலக்களிப்பு முழுவதையும் எடுப்பது பல பிள்ளைகளுக்கு நல்லதல்ல என்பது என் நிலைப்பாடு. இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அதைக் கேட்ட ஒரு தாய் சொன்ன பதில் இன்னும் மனதை அரிக்கிறது.

அந்தப் பிள்ளை கணனித் துறையில் எச்.என்.டி. முடித்தது. நல்ல பெறுபேறு. தாளை மட்டும் பார்த்தால் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தின் மூன்றாம் வருடத்துக்கு நேரே எடுக்கலாம். ஆலோசனை சொல்கிற நான் இரண்டாம் வருடத்தில் சேரச் சொன்னேன். தாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு வருசம் கூடினால் இவவின்ர தமையன் வெளிநாட்டில இன்னும் ஒரு வருசம் ரெண்டு வேலை செய்ய வேணும், ரீச்சர்" என்றார். பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை.

நான் அதற்குக் கணக்குச் சொன்னேன். அந்தக் கணக்கு என்னவென்று விளங்காமல் இந்தத் தீர்மானத்தைப் பேச முடியாது.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, அதாவது எஸ்.எல்.கியூ.எப். படி, ஒரு கிறெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை, ஆய்வுகூடம், வீட்டில் படிப்பது, பரீட்சை எழுதுவது எல்லாம் அதற்குள் அடக்கம். வருடத்துக்கு 30 கிறெடிட். மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. பிரித்தானியக் கணக்கு வேறு. அங்கே ஒரு கிறெடிட் 10 மணித்தியாலம், வருடத்துக்கு 120, ஹொனர்ஸ் பட்டத்துக்கு 360. பியர்சன் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் எச்.என்.டி. 240 கிறெடிட். ஆகவே 240 என்று போட்ட ட்ரான்ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து, "இங்க 120 தானே கேக்கினம், என்னட்ட ரெண்டு மடங்கு கிடக்குது" என்று நம்புகிற பிள்ளைகள் உண்டு. இரண்டு வருடப் படிப்பை இரண்டு வருடப் படிப்போடு பொருத்தினால் அந்த 240 இங்கே 60 ஆகிவிடும். அது எஸ்.எல்.கியூ.எப். நான்காம் மட்டம், உயர் டிப்ளோமாவின் அளவு. தொழிற்தகைமைக்குரிய என்.வி.கியூ. ஆறாம் மட்டமும் அங்கேதான் வருகிறது.

அந்த 60 உம் அப்படியே ஏற்கப்படும் என்றில்லை. கம்பசில் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ஒன்று, டிப்ளோமாவை முழுதாக ஏற்று இன்ன வருடத்தில் சேரலாம் என்பது. மற்றது, பாடம் பாடமாக ஒப்பிடுவது. இரண்டாவது முறையில் பாடத்தின் பெயரை நம்பக்கூடாது. 'டேட்டாபேஸ்' என்ற பெயரில் ஓரிடத்தில் எஸ்.கியூ.எல். கட்டளைகளோடு முடித்திருப்பார்கள். இன்னோரிடத்தில் நோர்மலைசேசன், ட்ரான்ஸக்சன், இன்டெக்ஸ் வரை போயிருப்பார்கள். மூன்றாம் வருட விரிவுரையாளர் இரண்டாவதை எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் முதல் நாள் தொடங்குவார்.

கணனித் துறைக்கு மாறி வருகிறவர்கள் தடக்கி விழுகிற இடங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது நிகழ்தகவும் புள்ளிவிபரமும். ஏ.எல்.லில் கணிதப் பிரிவு எடுக்காத பிள்ளைக்கு எச்.என்.டி.யில் கிடைத்த கணிதம் போதாது. இரண்டாவது டேட்டா ஸ்ட்ரக்சர், அல்கோரிதம். வெப்சைட் கட்டத் தெரிந்த பிள்ளைகூட 'மரம்' போலக் கிளைகிளையாக அடுக்கிய தரவில் தேடல் ஏன் விரைவாக நடக்கிறது என்று எழுதச் சொன்னால் நின்றுவிடும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை, அது மதிப்பீட்டு முறை. அசைன்மென்ட் மட்டும் செய்து பாஸ், மெரிட், டிஸ்டிங்சன் எடுத்து வந்த பிள்ளை, மூன்று மணித்தியாலம் புத்தகம் பாராமல் எழுதுகிற பரீட்சைக்கு முகங்கொடுத்துப் பழகியதில்லை. பரீட்சை மட்டும் எழுதி வந்த பிள்ளைக்கு மூவாயிரம் சொல் அறிக்கையும் ஹார்வர்ட் முறை மேற்கோளும் புதிது. அந்தப் பிள்ளை வேறொருவரின் பந்தியைச் சொல் மாற்றி எழுதிவிட்டு, பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற டேர்னிட்டின் மென்பொருள் ஏன் சிவப்புக் காட்டுகிறது என்று கலங்கி நிற்கும். இரு தரப்புக்கும் ஒரே ஓரியன்டேசன் வைப்பதில் பயனில்லை. ட்ரான்ஸ்கிரிப்டைப் பார்க்கும்போதே பிள்ளை எந்தப் பக்கத்தால் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு மொழி. ஏ.எல். வரை தமிழில் படித்த பிள்ளைக்கு எச்.என்.டி. ஆங்கிலம் பாதிப் பாலம்தான். விரிவுரை விளங்கும், ஆனால் கேள்வி கேட்க வாய் வராது.

தாய்க்கு நான் சொன்ன கணக்கு இவற்றிலிருந்து வந்தது. ஒரு செமஸ்டருக்கு 15 கிறெடிட் என்றால் 750 மணித்தியாலம். செமஸ்டர் 15 கிழமை. கிழமைக்கு 50 மணித்தியாலம். மூன்றாம் வருடத்தில் சேர்ந்துகொண்டே, விடுபட்ட இரண்டாம் வருடப் பாடங்களில் இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். அதற்கு விதி இடம் கொடுக்கும், பலர் கேட்பதும் அந்த நடுவழியைத்தான். இரண்டு பாடமும் மூன்று கிறெடிட் வீதம் என்றால் இன்னும் 300 மணித்தியாலம். கிழமைக்கு 70 ஆகிவிடும். பிள்ளையோ பின்னேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துத்தான் தன் பஸ் காசையும் போன் காசையும் பார்த்துக்கொண்டிருந்தது. 70 மணித்தியாலத்துக்கும் ரியூசனுக்கும் ஒரே கிழமையில் இடமில்லை. தவிர, இரண்டாம் வருட நேரசூசியும் மூன்றாம் வருட நேரசூசியும் ஒன்றோடொன்று மோதும். இரண்டு விரிவுரை ஒரே நேரத்தில் விழுந்தால் ஒன்றை விட வேண்டிவரும். பரீட்சைக்குத் தோற்றப் பல இடங்களில் 80 வீத வரவு வேண்டும், அதுவும் பறிபோகும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது முன்நிபந்தனைப் பாடங்களின் சங்கிலி. ஒரு பாடத்தில் சித்தியடைந்தால்தான் அடுத்ததை எடுக்கலாம். சிறிய கம்பஸ்களில் ஒவ்வொரு பாடமும் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். முதல் செமஸ்டரில் ஒன்றில் தவறினால், அதைத் திரும்ப எடுக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் அடுத்தது. மிச்சம் பிடித்த வருடம் அங்கேயே போய்விடும், மறுபரீட்சைக் கட்டணம் வேறு.

இவ்வளவும் சொன்னேன். சொன்னதில் பிழையான இலக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் தாய் தொடக்கத்தில் சொன்னதற்கு இதில் பதில் இருந்ததா என்று பார்த்தால், இல்லை. நான் பிள்ளையின் கிழமையைக் கணக்குப் பார்த்தேன். தமையனின் கிழமை அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறைவேற் கம்பஸ் கட்டணம் கட்டுகிற வீடுகளில் பாதிக் காசு எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் எங்கள் ஆலோசனைப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை.

அப்படியென்றால் நான் வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்? காசு கஷ்டம் என்பதற்காகப் பிள்ளையைத் தாங்காத பாரத்துக்குள் தள்ளுவதும் ஆலோசனை ஆகாது. ஆனாலும் 2022 இல் ரூபாய் சரிந்தபோது, மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. டிப்ளோமாவுக்கு மேல் கடைசி வருடத்தைப் பிரித்தானியப் பட்டமாக முடிக்கிற, பவுணில் கட்டணம் கட்ட வேண்டிய ரொப்-அப் பிள்ளைகள் எப்படித் தவித்தார்கள் என்று இந்தத் துறையில் இருக்கிற எவருக்கும் ஞாபகம் இருக்கும். படிப்பு நீள நீள அந்தவகைக் கண்டமும் நீளும். ஆகவே ஒரு வருடத்தைக் குறைக்க வேண்டும் என்ற தாயின் பேச்சில் நியாயம் இருந்தது, அதை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

சரி, அந்தப் பிள்ளை இரண்டாம் வருடத்தில் சேர்ந்தது. புள்ளிவிபரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தது, ரியூசனையும் விடவில்லை. இதை வைத்து என் ஆலோசனை சரி என்று சொல்லிவிடலாமா? முழு விலக்களிப்போடு மூன்றாம் வருடத்துக்குப் போய், ஒரு முன்நிபந்தனைப் பாடத்தில் தவறி, வருடத்தையும் காசையும் இழந்த பொடியனையும் தெரியும். அதே வழியால் போய், ஒரு பாடமும் தவறாமல் முடித்து வேலைக்குப் போன பொடியனையும் தெரியும். இரண்டு பேருடைய ட்ரான்ஸ்கிரிப்டும் சேரும்போது ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் இருந்தது. அந்தப் பிள்ளையும் மூன்றாம் வருடத்தில் சமாளித்திருக்கக்கூடும். நடக்காத ஒன்றுக்குப் பெறுபேற்றுத்தாள் கிடையாது.

சமாளித்தவர்களுக்கு என்ன இருந்தது என்று பார்த்தால், புத்தியைவிட முதல் ஐந்து கிழமைதான் கண்ணில் படுகிறது. மூன்றாம் வருடத்தில் பட்ச் ஏற்கெனவே இறுகியிருக்கும். குழுச் செயற்திட்டத்துக்கு ஆள் சேர்ந்து முடிந்திருக்கும், பழைய வினாத்தாள்கள் ஒரு வட்ஸ்அப் குழுவுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். புதிதாக வந்த பிள்ளை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், மிஞ்சியவர்களோடு குழு சேர்ந்து, முழு வேலையையும் தானே தூக்கும். இதை விரிவுரையாளரிடம் விட்டால் நடக்காது. முதல் கிழமையிலேயே இணைப்பாளர் குழுப் பட்டியலைக் கையில் எடுத்து, மாறி வந்த பிள்ளையை ஓடுகிற குழு ஒன்றில் போட வேண்டும். பாடக் குறிப்பும் அசைன்மென்டும் ஏற்றுகிற மூடுல் இணையத்தளக் கணக்கும் கம்பஸ் மின்னஞ்சலும் அதே கிழமை வேலை செய்கிறதா என்று பிள்ளையை முன்னால் வைத்துத் திறந்து பார்க்க வேண்டும். பதிவு பிந்திய பிள்ளைக்குக் கணக்கும் பிந்தும், அதற்குள் முதல் அசைன்மென்ட் திகதி முடிந்துவிடும். மூன்றாம் கிழமையில் அசைன்மென்டின் முதல் வரைவை, மார்க் போடாமல், யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். ஐந்தாம் கிழமையில் வரவைப் பார்க்க வேண்டும். பாடத்தை விலக்கிக்கொள்ளும் இறுதித் திகதிக்கு முன்னம் பார்த்தால்தான் அதில் பயன். போன வருடம் இதே வழியால் வந்த அக்காவோ அண்ணாவோ ஒருவரின் போன் நம்பரைக் கொடுத்துவிடுவது, எங்கள் கையேடு முழுவதையும்விட உதவுகிறது.

சேருவதற்கு முன்னரே தடக்குகிற ஒரு விஷயமும் உண்டு, பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில், ஏ.எல். சான்றிதழ் முதலெழுத்துகளோடு, எச்.என்.டி. சான்றிதழ் முழுப்பெயரோடு. தேசிய அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று. 'த' வருகிற இடத்தில் ஒன்றில் 'எச்' இருக்கும், மற்றதில் இராது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவு என்றால் இந்த ஒரு எழுத்தே கோப்பைத் திருப்பி அனுப்பப் போதும். முதல் நாளே எல்லாச் சான்றிதழையும் மேசையில் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பழைய நிறுவனத்திடமிருந்து, பிள்ளை படித்த வருடத்துக்குரிய பாடத்திட்டத்தை முத்திரையோடு வாங்கவும் வேண்டும். புதுப்பித்த பாடத்திட்டத்தைக் கொடுத்தால் படிக்காததற்கு விலக்களிப்புக் கிடைக்கும், படித்ததற்குக் கிடைக்காது. பட்டம் யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அங்கீகாரம் உள்ளதா என்று காசு கட்ட முதல் பார்ப்பதும் இதற்குள்தான். அரச வேலை என்ற கனவு இருக்கிற வீட்டில் அதைப் பிந்திப் பார்ப்பது கொடுமை.

இப்போது நான் ஆலோசனைப் படிவத்தின் பின்பக்கத்தில் இரண்டு வழியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், மொத்தம் எத்தனை ரூபாய், எந்தப் பாடத்தில் தவறினால் எத்தனை மாதம் பிந்தும், அந்தக் காசை யார் உழைக்கிறார் என்பது உட்பட. எந்த வழியை நான் விரும்புகிறேன் என்றும் கடைசியில் எழுதுகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய், காசு அனுப்புகிறவரோடும் போனில் பேசி, ஒரு கிழமை கழித்து வரச் சொல்கிறேன். என்னோடு வேலை செய்கிற ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. பதினெட்டுப் பத்தொன்பது வயதில் ஏ.எல். முடித்து வருகிற பிள்ளைக்கே வழி காட்டுகிறோம், இவர்களைத் தாளோடு அனுப்பிவிடுவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது என்கிறார். ஒரு கிழமை பிந்தினால் அனுமதித் திகதி போய்விடும் என்பது அவருடைய இன்னொரு வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. என் விருப்பத்தை எழுதிக் கொடுத்த பிறகு எத்தனை வீடுகள் அதை மீறித் தீர்மானிக்கும் என்ற கேள்வி எனக்கே உண்டு. ரீச்சர் எழுதினதை மாற்றுவது எங்கள் ஊரில் லேசில்லை. அடுத்த சேர்ப்பிலிருந்து அந்த வரியை வெறுமையாக விட்டு, வீட்டார் திரும்பி வந்து கேட்டால் மட்டும் நிரப்பலாமா என்று இருவரும் இன்னும் தர்க்கித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.