ஏற்காட்டில் ஒரு பொன்னுருக்கு

சட்டப்படி எங்கள் கல்யாணம் டார்ட்முண்ட் பதிவு அலுவலகத்தில் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஜெர்மனியில் 1876 முதல் அப்படித்தான். அரசுப் பதிவாளர் முன் நடப்பதுதான் கல்யாணம், கோயிலும் சர்ச்சும் அப்புறம் அவரவர் விருப்பம். பதிவாளர் அம்மா கேட்டார், இருவரும் 'யா' என்றோம், கையெழுத்துப் போட்டோம்.

அந்த இருபது நிமிடத்துக்குப் பின்னால் பதினொரு மாதக் காகித வேலை இருந்தது. திருமணம் செய்யத் தடையில்லை என்று அவர்கள் கேட்கிற வடிவத்தில் ஒரு சான்றிதழ் நம் ஊரில் கிடையாது. அதற்கு விலக்குக் கேட்டு அங்கே மேல் நீதிமன்றம் வரை மனு போகவேண்டும். என் பிறப்புச் சான்றிதழ் உண்மையா, எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிக்க ஒரு வக்கீல் சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே வந்து நாலு வீட்டுக் கதவைத் தட்டினார். பத்திரிகை அடிக்கும் முன்பே தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

அலுவலகத்திலிருந்து வீடியோ காலில் காட்டியபோது அம்மா, "என்ன கண்ணு, பத்திர ஆபீஸ் மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் அன்று மாலை ஏதோ பாக்கி இருக்கிற மாதிரிதான் இருந்தது. அந்தப் பாக்கியை எப்படி நடத்துவது என்பதில்தான் எங்களுக்கு ஒரு வருடம் போயிற்று.

நான் நர்ஸ். வேலைக்குத் தேவையான பி2 நிலை வரை ஜெர்மன் மொழி படித்து 2019-ல் வந்தேன். முதல் குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். டியூட்டி முடிந்து வந்தால் தமிழ் பேச ஆள் இல்லை. யாரோ சொல்லி ஹாம் ஊரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ரயிலேறிப் போனேன். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பி 2002-ல் குடமுழுக்குச் செய்த கோயில். தொழிற்பேட்டை நடுவில் கோபுரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். "பிள்ளை, சாப்பிட்டனியே?" என்று ஒரு அம்மா கேட்டார். அவர்தான் இன்று என் மாமி. அவருடைய மகன்தான் என் கணவர்.

ஒரே மொழி, ஆனாலும் நிறையப் புதிதாகக் கற்றுக்கொண்டேன். அவர்கள் கதைப்பார்கள், நாங்கள் பேசுவோம். நான் அழகு என்பது அவர்களுக்கு வடிவு. கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் சடங்கும் எவ்வளவு வேறு என்று தெரிந்தது. எங்களுக்கு மஞ்சள் கயிறும் மூன்று முடிச்சும். அவர்களுக்குப் பவுன் கணக்கில் கனத்த தாலிக்கொடி, அதைக் கழுத்தில் பூட்டுவார்கள். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை உண்டு. தாலியைக் கடையில் வாங்கக் கூடாது, நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் பொன்னை உருக்கி, அதிலிருந்துதான் செய்யவேண்டும். அதுதான் பொன்னுருக்கு.

எங்கள் வீட்டில் வேறொரு வழக்கமும் இருந்தது. தாத்தா பாட்டியுடையது சுயமரியாதைக் கல்யாணம், 1958-ல் நடந்தது. ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்போது அது சட்டப்படி செல்லாது. 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தம்தான், முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, இந்தக் கல்யாணங்களைச் செல்லும் என்றாக்கியது. ஒன்பது வருடம் சட்டத்தின் கண்ணில் நான் அவருக்குப் பெண்டாட்டியே இல்லை என்று பாட்டி சொல்வார். 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதும் இதே சேலம் மாநாட்டில்தான். தாத்தாவுக்கு அதில் அவ்வளவு பெருமை.

ஆக எங்கள் முன்னால் மூன்று கல்யாணங்கள் இருந்தன. மூன்றையும் கலந்து கதம்பமாகக் கட்ட எனக்கு விருப்பமில்லை. பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் எதுவும் எங்களுடையதாக இருக்காது. சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினோம். எதை வைத்துக்கொண்டாலும் ஏன் என்று இன்னொருவருக்குச் சொல்ல முடியவேண்டும். "எல்லாரும் செய்வாங்க" என்பதைக் காரணமாக ஒத்துக்கொள்வதில்லை.

புரியாத மந்திரம் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே மனசு. சொல்ல வேண்டியதைத் தமிழில் நாங்களே சொல்லிக்கொள்வோம். மோதிரமும் வேண்டாம், ஜெர்மன் ஆஸ்பத்திரியில் வேலை நேரத்தில் கையில் மோதிரம், வளையல் எதுவும் கூடாது. கழற்றி லாக்கரில் வைக்கிற பொருளை எங்கள் அடையாளமாக்க மனம் வரவில்லை. தாலிக்கொடியில்தான் பேச்சு நீண்டது. அவ்வளவு பவுனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் எங்கே போவேன்? ஆனால் மாமி கொடியைவிடப் பொன்னுருக்கைத்தான் விடமாட்டேன் என்றார். "எனக்கு ஊரில வீடில்லை. மாப்பிள்ளை வீடு எண்டு ஒருநாள் எண்டாலும் ஒரு வீடு இருக்கட்டும்." அதற்குமேல் நான் பேசவில்லை. பொன்னுருக்கி மாமி விரும்பிய பிள்ளையார் தாலி செய்து, அதை எங்கள் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டுவது என்று முடிவாயிற்று.

வேட்டியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அப்பா வெண்பட்டு நெய்பவர். போனில் விஷயம் சொன்ன மறுநாளே குழித்தறியில் பாவு ஏற்றிவிட்டார். ஊருக்குப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாடா இடமும் வலமும் ஓட, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பலகை ஒரு தட்டு தட்டும். கரையில் ஜரிகை வரும் இடத்தில் மட்டும் அப்பா மூச்சை நிறுத்திக்கொள்வார். இருபத்தைந்து வருடம் அந்த வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. ஊரைவிட்டுப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. வேட்டிக்குப் பிறகு அதே பாவில் அப்பா இன்னொரு துண்டும் நெய்தார். என்னவென்று கேட்டால், "மாப்பிள்ளைக்குத் தலைப்பா வேணுமுன்னு சொன்னியே" என்றார்.

மாமி வீட்டார் ஆடியிலேயே வந்துவிட்டார்கள், ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவுக்கு அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையைப் பார்த்து மாமா குழந்தை மாதிரி ஆகிவிட்டார். மாப்பிள்ளை வீடாக ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். செவ்வாய்ப்பேட்டை நகைப் பத்தர், பொன் உருக்கும் கிண்ணமான மூசை, ஊதுகுழல் எல்லாவற்றையும் துணிப்பையில் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தார்.

பொன்னுருக்கு அன்று பந்தற்காலோடு முள்முருக்குக் கொப்பு ஒன்றும் நடுவது யாழ்ப்பாண வழக்கம். ஜெர்மனிக் கல்யாணங்களில் கிடைத்த கொப்பை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக் காலையில் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்த மாமி திடீரென்று ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார். மிளகுக்கொடி சுற்றியேறிய மரம். பட்டையெல்லாம் முள், காம்புக்கு மும்மூன்று இலை. எங்களுக்கு அது கல்யாண முருங்கை. காப்பிக்கு நிழலாகவும் மிளகு படரவும் மலைத்தோட்டங்களில் வளர்ப்பார்கள். மாமி முள்ளைப் பொருட்படுத்தாமல் மரத்தில் உள்ளங்கையை வைத்தார். "முள்முருக்கு. எங்கட வேலியில நிண்டது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பத்தர் மூசையில் பொற்காசைப் போட்டு ஊதினார். முதலில் ஓரம் சிவந்து, அப்புறம் காசிலிருந்த எழுத்தெல்லாம் கலைந்து, கடைசியில் ஒரு துளியாக உருண்டு நின்றது. அதைத் தட்டில் வைத்து எல்லோரும் பார்த்தோம் என்றுதான் எழுத ஆசை. ஆனால் நான் அங்கே இல்லை. பொன்னுருக்கியதிலிருந்து மணவறை வரை மணமக்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. இதெல்லாம் அவர் எடுத்து வைத்திருந்த வீடியோவில் பிறகு பார்த்தது. டார்ட்முண்டில் ஒரே வீட்டில் ஒரு வருடம் இருந்தவர்களுக்கு இது எதற்கு என்று என் தங்கை கேட்டாள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். சரி, மாமிக்காக என்று ஒத்துக்கொண்டோம். நான்கு நாள் போனும் இல்லை. இரவில் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலைமேல் விளக்குகள் தெரியும். அதில் எது அந்த வீடு என்று தேடிக்கொண்டு நின்றேன். இவரை நாளைக்குப் பார்ப்பேனா என்று ஏங்குவதற்கு எங்களுக்கு அதுவரை வாய்ப்பே இருந்ததில்லை.

கல்யாணத்தன்று தாலியை எடுத்துக் கொடுத்தது பாட்டி. தாத்தா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மாதான் தயங்கினார், "நாலு பேரு என்ன சொல்லுவாங்க கண்ணு?" என்றார். இந்தக் கல்யாணத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று அதுதான். 1958-ல் துணிந்தவர் தன் பேத்தி கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. மாமி வந்து பாட்டியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போனார். அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா நெய்த தலைப்பாகையோடு அவர் நின்றார். சொல்ல வேண்டியதை நாங்களே சொன்னோம், எனக்குப் பாதியில் குரல் உடைந்துவிட்டது. மாலையில் வாசலில் தட்டுவடை செட் கடை போட்டோம். பீட்ரூட், கேரட் துருவல், இரண்டு சட்னி என்று டார்ட்முண்டிலிருந்து வந்த பிள்ளைகள் இரவு வரை அங்கேயேதான் நின்றார்கள்.

தாலி இப்போது யூனிஃபார்முக்குள் இருக்கிறது. வெந்நீரிலும் சோப்பிலும் கயிற்றில் மஞ்சள் போய்விட்டது. அம்மா அனுப்பிய புதுக் கயிறு மேசையில் கிடக்கிறது, ஒரு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்ததும் மாற்ற வேண்டும்.

மலையிலிருந்து கொண்டுவந்து எங்கள் பந்தலிலும் ஒரு கொப்பு நட்டிருந்தோம். பந்தலைப் பிரித்தபோது அப்பா அதை மட்டும் பிடுங்கி, தறிவீட்டுக்குப் பின்னால் ஊன்றியிருக்கிறார். துளிர்த்துவிட்டது. போன மாதம் அந்தக் கீரையில் அம்மா அடை சுட்டதாகச் சொன்னார், சளிக்கு நல்லதாம். மாமியிடம் சொன்னேன். "அடையோ? நாங்கள் ஆட்டுக்கெல்லோ போடுறனாங்கள்" என்றவர், எப்படிச் சுடுவது என்று அம்மாவின் நம்பரை வாங்கிக்கொண்டார்.