வதரிக்குப் போகும் வழி

ஆழ்வார்கள் வதரி என்று பாடிய பத்ரிநாத்துக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால் வரிசை எவ்வளவு நீளம், வெந்நீர்க் குண்டத்தில் எப்படிக் குளித்தோம், குளிர் எப்படி இருந்தது என்று விரிவாகச் சொல்வார்கள். வழியைப் பற்றிக் கேட்டால், "ஒரே வளைவு, மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன்" என்பதோடு சரி. எனக்கென்னவோ அந்த யாத்திரையின் பாதி, ரிஷிகேஷிலிருந்து மேலே ஏறும் சுமார் 295 கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

இன்று அது 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பழக்கப்பட்ட ஓட்டுநர்கள் இன்னமும் பழைய எண்ணான 58 என்றுதான் சொல்கிறார்கள். மேலே ஏற ஏற ஐந்து பிரயாகைகள், அதாவது அளகநந்தா ஆற்றோடு வேறோர் ஆறு கலக்கும் சங்கமங்கள், வரும். தேவப்பிரயாகையில் பாகீரதி, ருத்ரபிரயாகையில் மந்தாகினி, அப்புறம் பிண்டர், நந்தாகினி, தௌலிகங்கா. ஒவ்வொரு சங்கமத்திலும் இன்னொரு பள்ளத்தாக்கு திறக்கிறது. மந்தாகினியோடு போனால் கேதாரம். பத்ரிக்குப் போகிறவர்கள் மட்டும் அளகநந்தாவை விடாமல் பற்றிக்கொண்டே போக வேண்டும்.

பேருந்து வருவதற்கு முன்னால் இது நடந்தே போகும் பாதை. யாத்ரீகர்கள் லக்ஷ்மண் ஜூலாவில் கங்கையைக் கடந்து இடது கரையோடு நடந்தார்கள். நம் பேருந்து ஏறுவது எதிர்க்கரையில். நடைக்காரர்கள் ராத்தங்க ஆங்காங்கே 'சட்டி' என்ற கொட்டகைகள் இருந்தன. அரிசி பருப்பு வாங்கினால் பாத்திரமும் படுக்க இடமும் கிடைக்கும். காலி கம்ளிவாலா பாபா என்ற துறவியின் தர்மசாலைகளும் வழிநெடுக இருந்தன. போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். திரும்பாமல் போனவர்களும் உண்டு. தார்ச்சாலை மேலே வரை போனதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. 1962 சீனப் போருக்குப் பிறகு எல்லைக்கு ராணுவம் போயாக வேண்டியிருந்தது. அந்தப் புண்ணியத்தில் நாமும் உட்கார்ந்தபடியே பெருமாளைச் சேவிக்கப் போகிறோம்.

தேவப்பிரயாகையில் வண்டி நின்றதும் தொங்கு பாலத்தைத் தாண்டி ரகுநாத்ஜி கோயிலுக்குப் போனோம். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுதான். கோயிலுக்குக் கீழே படிகள் செங்குத்தாக இறங்குகின்றன. ஒரு பக்கம் பாகீரதி சீறிக்கொண்டு வருகிறாள். இன்னொரு பக்கம் அளகநந்தா சற்று அடங்கியிருக்கிறாள். இரண்டு நிறமும் கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடி, அதன் பிறகுதான் கங்கை என்று பெயர். ஆறு இழுத்துவிடாமலிருக்க இரும்புச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். எங்களோடு வந்த ஒரு மாமி சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பாசுரம் முழுவதையும் சொல்லி முடித்தார். "மாமி, கால் மரத்துப் போயிடும், ஏறுங்கோ" என்றதற்கு, "ஸ்ரீவில்லிபுத்தூர்லேருந்து ஆழ்வார் மனசாலே இங்க வந்திருக்கார், நான் உடம்போட வந்திருக்கேன், இரு" என்று விட்டார்.

அடுத்து ஸ்ரீநகர். காஷ்மீரத்து ஊர் அல்ல, கர்வால் மன்னர்களின் பழைய தலைநகர். ராஜ அரண்மனை எங்கே என்று தேடினால் கிடைக்காது. 1893-இல் மேலே கோஹ்னா என்ற இடத்தில் மலை சரிந்து, அளகநந்தாவில் வந்து சேரும் பிரஹி கங்கையை அடைத்துக்கொண்டது. பெரிய ஏரி உருவாயிற்று. அது உடைவது நிச்சயம் என்று கண்டு, தந்திக் கம்பி இழுத்து, கீழே உள்ள ஊர்களையெல்லாம் காலி செய்தார்கள். 1894 ஆகஸ்டில் ஏரி உடைந்து பழைய ஸ்ரீநகரை வாரிக்கொண்டு போயிற்று. வெளியேற்றிய பின்னும் திரும்பிப் போன ஒரு பக்கிரியின் குடும்பம் தவிர உயிர்ச்சேதம் இல்லை. இன்றைய ஊர் அதற்குப் பிறகு மேட்டில் கட்டியது. ஸ்ரீநகரைத் தாண்டினால் ஆற்றின் நடுவே தூண்கள்மேல் தாரி தேவி. இந்தப் பள்ளத்தாக்கின் காவல் தெய்வம். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார்; எங்களுக்குத்தான் உயிர் போய் வந்தது.

ருத்ரபிரயாகைக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரம் குலாப்ராயில் ஜிம் கார்பெட் நினைவிடம் இருக்கிறது. 1918 முதல் 1926 வரை இந்த யாத்திரைப் பாதையில் ஒரு சிறுத்தை 125 பேருக்கு மேல் கொன்றது; அதைச் சுட்டு வீழ்த்திய வேட்டைக்காரர்தான் கார்பெட். கதவில்லாத கொட்டகையில் படுத்தவர்கள் எந்த தைரியத்தில் கண்ணை மூடினார்கள் என்று தெரியவில்லை.

கர்ணபிரயாகை, நந்தபிரயாகை, சமோலி எல்லாம் சீக்கிரம் கடந்துவிட்டன. ஜோஷிமட்டில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிருதி என்று இதைக் கொள்வது நம் வழக்கம். இங்குள்ள நரசிம்மரின் ஒரு கை மணிக்கட்டில் மெலிந்துகொண்டே வருகிறதாம். அது முறியும் நாளில் நரனும் நாராயணனுமாக நிற்கும் மலைகள் ஒன்று சேர்ந்து பத்ரிக்கு வழி அடைபடும், பிறகு வருங்காலப் பத்ரியான பவிஷ்ய பத்ரியில்தான் சேவை என்கிறது ஐதீகம். எத்தனையோ தலபுராணம் கேட்டிருக்கிறேன். சாலை மூடப்படுவதை முன்கூட்டியே சொல்லிவைத்த தலபுராணத்தை வேறெங்கும் கேட்டதில்லை. 2023 ஜனவரியில் இதே ஊரில் வீடுகள் விரிசல்விட்டு மண் இறங்கிய செய்தியை நினைத்துக்கொண்டு சன்னிதியில் நின்றால், கதை கதையாகத் தெரியவில்லை.

அங்கிருந்து விஷ்ணுபிரயாகைக்கு இறங்கி, பாண்டுகேஸ்வரம், ஹனுமான் சட்டி வழியாக ஏற்றம். கிழடு தட்டிக் கோலூன்றி நடை தளருமுன்னே வதரியை வணங்கிவிடுவோம் என்று திருமங்கையாழ்வார் அவசரப்படுத்துவது ஏனென்று இந்த ஏற்றத்தில்தான் புரிந்தது. சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் தப்த குண்டத்துச் சுடுநீரில் குளித்துவிட்டு, ராவல் எனப்படும் தலைமைப் பூசாரியான கேரளத்து நம்பூதிரியின் கையால் நடக்கும் பூஜையில் பத்ரி நாராயணரைச் சேவித்தோம். நிமிஷ நேரம்தான், தள்ளிவிட்டார்கள்.

ரிஷிகேஷிலிருந்து கர்ணபிரயாகைக்கு ரயில்பாதை போட்டு வருகிறார்கள். 125 கிலோமீட்டரில் பெரும்பகுதி சுரங்கம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்லதுதான், ஆனால் ஆறு கண்ணில் படாது. சாலையாகவே போகிறவர்கள் மே, ஜூன் அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபரில் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவுக்கு நடுவே ஒரு நாள் முழுக்க நிற்க நேரும். ராத்திரியில் மலைப்பாதையில் வண்டி விடமாட்டார்கள், அதனால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். ஏறும்போது ஸ்ரீநகர் வரை ஆறு வலது பக்கம். ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள்.