வீல்சேரில் ஏறி, நடந்து இறங்குவோர்

அமெரிக்காவில் அடிக்கடி விமானத்தில் போய்வருபவர்களிடையே பல ஆண்டுகளாக ஒரு கேலி உலவுகிறது. சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் விமானம் புறப்படும் கேட்டில் சக்கர நாற்காலிகள் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் வந்தவர்கள் எல்லோருக்கும் முன்பாக ஏறி, முன்பக்கத்தில் வசதியான இடம் பிடித்து அமர்வார்கள். விமானம் தரையிறங்கியதும் அவர்களில் பலர் யார் துணையும் இல்லாமல் எழுந்து, பெட்டியை இறக்கிக்கொண்டு, கதவு திறப்பதற்கு முன்பே நடைவழியில் வந்து நிற்பார்கள். நடக்க முடியாதவர்களை நடுவானில் குணமாக்கும் இந்தப் பயணத்துக்கு 'அற்புத விமானம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏமாற்றுகிறவர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தில் பாதி தவறான ஆள் மீது போய் விழுகிறது என்பதே என் எண்ணம்.

இந்தக் கேலி குறிப்பாக இந்த ஒரு நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1971-இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட், 2026 ஜனவரி வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயணிகளுக்கு இருக்கை எண்ணே கொடுக்கவில்லை. ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றிலும் அறுபது வரை எண்கள். கேட்டருகே எண் எழுதிய கம்பங்கள் நிற்கும். அந்தக் கம்பங்களின் ஓரமாக முன்பின் அறியாதவர்கள், "நீங்கள் எத்தனை? நான் பி இருபத்திரண்டு" என்று ஒருவரையொருவர் விசாரித்துத் தங்களைத் தாங்களே வரிசைப்படுத்திக்கொள்வதைப் பார்க்கவே ஒரு மகிழ்ச்சி. டாலஸ் நகரத்தில் இருப்பவன் என்பதால், அந்நிறுவனத்தின் சொந்த ஊரான இங்கே லவ் ஃபீல்டு நிலையத்தில் அந்தக் காட்சியை ரசித்திருக்கிறேன். புறப்பாட்டுக்குச் சரியாக 24 மணி நேரம் இருக்கும்போது செக்-இன் திறக்கும். அலாரம் வைத்துக் கைப்பேசியோடு காத்திருந்தவருக்கு நல்ல எண் கிடைக்கும். பணக்காரரும் மாணவரும் ஒரே வரிசையில் நிற்கும் முறை என்று அதற்கு நல்ல பெயர் இருந்தது. பின்னர் அந்த வரிசையையும் நிறுவனமே விற்கத் தொடங்கியது. கட்டணம் கட்டினால் செக்-இன்னை நிறுவனமே முன்கூட்டிச் செய்துகொடுக்கும். இன்னும் அதிகம் கொடுத்தால் ஏ பிரிவின் முதல் பதினைந்து இடங்களில் ஒன்று கிடைக்கும். இவர்கள் அனைவருக்கும் முன்னால், ஒரு பைசா செலவில்லாமல் ஏறக்கூடிய வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உடல்நிலையின் காரணமாக எனக்கு உதவி வேண்டும் என்று கேட்டில் இருப்பவரிடம் சொல்வது அந்த வழி.

அந்த வழியைத் திறந்து வைத்திருப்பது நிறுவனத்தின் பெருந்தன்மை அல்ல, சட்டம். விமானங்களில் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1986-இல் இயற்றியது. அதன் கீழுள்ள போக்குவரத்துத் துறை விதிகளின்படி, ஏறவோ, ஊன்றுகோல் போன்ற கருவிகளை வைக்கவோ, அமரவோ கூடுதல் நேரம் அல்லது உதவி தேவை என்று ஒருவர் கேட்டில் தாமாகச் சொன்னால், அவரை முன்னதாக ஏறவிட வேண்டும். சக்கர நாற்காலி கேட்பவரிடம் மருத்துவச் சான்றிதழ் கேட்கக் கூடாது. 'சான்று கேட்டால் ஒரே நாளில் இந்த மோசடி நின்றுவிடுமே' என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் மூட்டுவாதமோ இதய நோயோ வலிப்போ முகத்தில் எழுதியிருப்பதில்லை. காலையில் நடந்தவர் மாலையில் நடக்க முடியாமல் போகும் நோய்களும் இருக்கின்றன. கடுமையான கடலை ஒவ்வாமை உள்ளவர் தம் இருக்கையைத் துடைத்துச் சுத்தம் செய்வதற்காக முன்னதாக ஏறக் கேட்பதும் இந்த உரிமைக்குள் அடங்கும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே 2019-இல் ஒரு நிறுவனத்துக்கு எதிரான புகாரில் முடிவு செய்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அவர் முழு ஆரோக்கியமான இளைஞர்தான்.

ஃபிரான்டியர் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் தலைவராக இருந்த பேரி பிஃபிள், 2024-இல் இந்த முறைகேடு தலைவிரித்தாடுவதாக வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். ஏறும்போது இருபது பேர் சக்கர நாற்காலியில் வருகிறார்கள், இறங்கும்போது மூன்று பேருக்குத்தான் அது தேவைப்படுகிறது என்பது அவர் சொன்ன கணக்கு. அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் ஏறியவர், இறங்கியவர் என்ற இந்தக் கழித்தல் கணக்கை வைத்து எத்தனை பேர் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. விமானத் துறையில் சக்கர நாற்காலி கோருபவர்களை மூன்று வகையாகக் குறிப்பார்கள். டபிள்யூ.சி.எச்.ஆர். என்ற குறியீடு உள்ளவர் படியேறுவார், விமானத்துக்குள் தாமே நடப்பார். நிலையத்தின் நீண்ட தூரத்தைத்தான் அவரால் கடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியேற முடியாதவர். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை சுமந்து சேர்க்க வேண்டியவர். முதல் வகையினர் இருக்கையிலிருந்து எழுந்து கதவு வரை நடந்தே வருவார்கள், அதில் அற்புதம் எதுவும் இல்லை. இறங்கிய இடத்தில் நாற்காலி வர நாற்பது நிமிடம் ஆகும் என்று தெரிந்ததும், வெளியே மகள் காத்திருக்கிறாள் என்று வலியோடு நடந்துபோகிறவர்களும் அந்தப் பதினேழு பேரில் இருக்கக்கூடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ஃபிரான்டியரில் இருக்கை எண் முன்பே உறுதியாகிவிடும். விமானத்துக்குள் தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்கும் பெரிய பைக்கும் கட்டணம் உண்டு. அப்படியானால் அங்கே பொய் சொல்லி ஒருவர் அடைவது என்ன? பாதுகாப்புச் சோதனை வரிசையைத் தாண்டிப் போவதுதான் பெரிய ஆதாயம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் தலைவராக இருந்த ஜான் ஹாலண்ட்-கேயும் 2022 கோடையில், வரிசையில் நிற்காமல் போவதற்காகச் சிலர் இந்த உதவியைக் கேட்கிறார்கள் என்றுதான் குற்றம் சாட்டினார். ஆக, எந்த இடத்தில் எதற்குத் தட்டுப்பாடோ, அங்கே அதைக் குறிவைத்துத்தான் பொய் பிறக்கிறது.

தட்டுப்பாட்டை உண்டாக்கியது யார்? 2008-இல் எரிபொருள் விலை உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் செக்-இன் பெட்டிக்கே 15 டாலர் வாங்கத் தொடங்கியது. மற்றப் பெரிய நிறுவனங்களில் பலவும் பின்தொடர்ந்தன. பெட்டியைக் கீழே போட்டால் காசு என்றானதும் எல்லோரும் பெட்டியோடு விமானத்துக்குள் ஏறினார்கள், தலைக்கு மேலுள்ள தட்டு நிரம்பி வழிந்தது, முதலில் ஏறுகிறவருக்கு மட்டும் இடம் என்றானது. அதன்பின் முதலில் ஏறும் உரிமையையே விலைப்பட்டியலில் சேர்த்தார்கள்: கடன் அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு பிரிவு, அடிக்கடி பறப்பவருக்கு நான்கைந்து பிரிவுகள், மலிவு டிக்கெட் வாங்கியவருக்குக் கடைசிப் பிரிவு. அமெரிக்கன் 2017-இல் ஒன்பது பிரிவுகளுக்கு வந்து சேர்ந்தது. இதெல்லாம் விமானத்தைச் சீக்கிரம் நிரப்புவதற்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜேசன் ஸ்டெஃபன் என்ற வானியற்பியலாளர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பின்வரிசை ஜன்னலோரத்திலிருந்து தொடங்கி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஏற்றினால் நேரம் வெகுவாக மிச்சமாகும் என்று காட்டினார். அந்த முறையில் முன்னுரிமையை விற்க முடியாது, ஆகவே அதை யாரும் வாங்கவில்லை.

2024 இறுதியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களில் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. தம் பிரிவை அழைப்பதற்கு முன் ஒருவர் போர்டிங் பாஸை நீட்டினால் அது ஒலியெழுப்பித் திருப்பி அனுப்பிவிடும். ஏழாம் பிரிவுக்காரர் நான்காம் பிரிவில் நுழைவதை இது தடுக்கும், சரிதான். விற்ற பொருளைக் காப்பாற்றும் கருவி அது. (நம் ஊர் உள்நாட்டு விமானங்களில் இந்த அவசரத்துக்குப் பாதிக் காரணம்கூடக் கிடையாது. இருக்கை எண் கையில் இருக்கிறது, பொதுவாக 15 கிலோ வரை பெட்டியைத் தனிக் கட்டணமின்றிக் கீழே போடலாம். முன்னுரிமைக்குக் காசு கொடுத்து முதலில் போனவர் பெரும்பாலும் முதலில் ஏறுவது, கேட்டிலிருந்து விமானத்துக்குக் கொண்டுபோகும் பேருந்தில்தான். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வரும்வரை நிற்பார்.)

இனி, தமிழ்க் குடும்பங்கள் இந்த விவகாரத்தில் எங்கே நிற்கின்றன என்பதற்கு வருகிறேன். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாயிலோ தோஹாவிலோ பிராங்க்ஃபர்ட்டிலோ இறங்கி, மொழி தெரியாத பெரிய நிலையத்தில், தொடர்வண்டி ஏறி, இன்னொரு முனையத்தில் கேட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். டிக்கெட் போடும் மகன் தொலைபேசியில், "அம்மா, வீல்சேர் போட்டுவிட்டேன், நீங்கள் ஒன்றும் கவலைப்பட வேண்டாம்" என்பார். நள்ளிரவில் மீனம்பாக்கத்தில் பாருங்கள்: பட்டுக்கரைச் சேலையும் அதற்குக் கீழே மகள் வாங்கி அனுப்பிய விளையாட்டுக் காலணியும், கழுத்தில் தொங்கும் பாஸ்போர்ட் பையுமாக, மருமகளுக்குப் பருப்புப்பொடி கட்டி எடுத்துக்கொண்டு, அதுவரை தாமே நடந்து வந்த அம்மாக்கள் நாற்காலியில் சற்றுக் கூச்சத்தோடு அமர்வதைக் காணலாம். ஊரில் தினமும் காலையில் கோயிலைச் சுற்றி வருகிறவர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது நாற்காலி அல்ல. படிவத்தை நிரப்பிக்கொடுத்து, கேட்டைக் காட்டி, குடிவரவு அதிகாரி கேட்பதை விளக்கும் ஓர் ஆள்தான் வேண்டும்.

இதை ஜன்னலோர இடத்துக்காக நொண்டி நடிப்பவரோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் விளைவு என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நாற்காலியும் அதைத் தள்ளும் ஊழியரும் எண்ணிக்கையில் குறைவு. தேவையில்லாதவர் ஒருவர் அமர்ந்தால் தேவைப்படுபவர் ஒருவர் காத்திருக்கிறார். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் மும்பை வந்த எண்பது வயது முதியவரும் அவர் மனைவியும் சக்கர நாற்காலிக்கு முன்பதிவு செய்திருந்தார்கள். தட்டுப்பாட்டினால் முதலில் ஒன்றுதான் கிடைத்தது. மனைவியை அதில் அமரவைத்து, கூடவே நடந்து வந்த அவர் குடிவரவுப் பகுதியில் சரிந்து விழுந்து இறந்தார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் நியாயமானதே. ஆனால் நாற்காலிகளுக்கு இவ்வளவு தேவை எங்கிருந்து வருகிறது என்பதை அபராதம் கேட்பதில்லை.

சான்றிதழ் கேட்கும் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. மன ஆறுதலுக்காக உடன் வைத்திருக்கும் 'மனத்துணை விலங்கு' என்று சொல்லிச் செல்லப் பிராணிகளைக் கட்டணமின்றி ஏற்றிவந்தது வரம்பு மீறியதால், அமெரிக்க அரசு 2020 டிசம்பரில் விதியை இறுக்கியது. பயிற்சி பெற்ற நாய்களைத் தவிர மற்றவற்றை ஏற்க வேண்டிய கடமை நிறுவனங்களுக்கு இனி இல்லை. நியாயமான முடிவுதான். ஆனால் பார்வையற்றவர் ஒருவர் தம் வழிகாட்டி நாய்க்காக அரசுப் படிவம் நிரப்பித் தரும்படி நிறுவனங்கள் கேட்கவும் அன்று வழி பிறந்தது. ஏய்த்தவர்கள் செல்ல நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். படிவம் நிரப்புகிறவர் ஏய்க்காதவர்.

சவுத்வெஸ்ட் யாரையும் சோதிக்காமல் வேறு வழியில் போனது. பயணிகளில் 80 சதவீதம் பேர் இருக்கை எண்ணையே விரும்புகிறார்கள் என்று சொல்லி 2024 ஜூலையில் மாற்றத்தை அறிவித்தது. 2026 ஜனவரி 27 முதல் எண் கொடுத்தே ஏற்றுகிறது. முதலில் ஏறி நல்ல இருக்கை பிடிக்கும் பரிசு அத்துடன் போய்விட்டது. நோக்கம் வருமானம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. நல்ல இருக்கைகளுக்குத் தனி விலை வந்துவிட்டது. ஆனால் அதே நிறுவனம் 2025 மே 28 முதல், பெரும்பாலான பயணிகளுக்கு அதுவரை இலவசமாக இருந்த செக்-இன் பெட்டிக்கும் கட்டணம் விதித்துவிட்டது. ஒரு பரிசை எடுத்துவிட்டு மேல்தட்டு இடம் என்ற இன்னொரு பரிசை வைத்திருக்கிறார்கள்.

பெற்றோரை அனுப்புகிறவர்களுக்கு நடைமுறையில் உதவக்கூடிய ஒன்று உண்டு. முன்பதிவுக் குறிப்பில் சேர்க்க, 'மாஸ்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும், நாற்காலி இல்லாத துணைக்கான ஒரு குறியீடு துறையிலேயே இருக்கிறது. தனியாகப் போகும் முதியவர், மொழி தெரியாதவர் போன்றோரைச் சந்தித்து அழைத்துச் செல்வதற்கானது அது. விமான நிறுவனத்தை அழைத்து இதைக் கேட்டுப்பார்க்கலாம். சில நிறுவனங்கள் செய்கின்றன, சில கைவிரித்துவிடுகின்றன. பல நிலையங்களில் இதே சேவை 'வரவேற்பு உதவி' என்ற பெயரில் கணிசமான கட்டணத்துக்கு விற்கப்படுகிறது. நாற்காலி சட்டப்படி இலவசம், கூட நடந்து வரும் ஆளுக்குக் காசு என்றிருக்கும்வரை மகன்கள் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்கள் என்பது நிறுவனங்களுக்கும் நன்றாகவே தெரியும்.