நாற்பது பக்கப் படிவத்தைத் தூக்கிப் போட்ட கதை

பெங்களூரு பெல்லந்தூர் பக்கம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட் வேலை, அதாவது நிறுவனத்தின் சிஸ்டங்கள் எல்லாம் எப்படி ஒன்றோடொன்று சேர வேண்டும் என்று திட்டமிடுவது. கேட்கப் பெரிய பதவிதான், ஆனால் டெவலப்பர்கள் எங்கள் குழுவுக்கு வைத்திருந்த பெயர் 'செக்போஸ்ட்'. தப்பில்லை. எந்தப் புது சிஸ்டம் வந்தாலும் நாற்பது பக்கப் படிவம் நிரப்பி, மாதம் ஒருமுறை கூடும் ரிவ்யூ போர்டில் காட்ட வேண்டும், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த மாதம்தான். அதற்குள் டீம் கிளவுடில் பாதி வேலையை முடித்திருக்கும். நாங்கள் ஒப்புதல் கொடுப்பது, கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது மாதிரி.

மேலிடம் டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று அறிவித்ததும் நான் செய்த முதல் தப்பு, இந்த வேலைக்கான பொது வழிமுறையான டோகாஃபின் 2022-இல் வந்த 10-ஆம் பதிப்பை வைத்துக்கொண்டு, எங்கள் சிஸ்டங்களைப் படமாக வரைய உட்கார்ந்தது. டோகாஃபைக் குறை சொல்லவில்லை. உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் அதுவே சொல்கிறது. ஆனால் படம் வரைய எங்களிடம் சிஸ்டம் பட்டியலே சரியில்லை. எக்ஸெல்லில் இருந்தவற்றில் பல எப்போதோ மூடப்பட்டவை. கடைசியில் கணக்குப் பிரிவுக்குப் போய் லைசென்ஸ் பில்களை வாங்கி ஒப்பிட்டோம், பணம் கட்டுகிற இடத்தில் பொய் இருக்காது பாருங்கள். பில்லே வராத, நாங்களே எழுதிய, தானாக ஓடும் ஜாப்கள் மட்டும் அதிலும் சிக்கவில்லை.

அப்படி ராத்திரி ஓடும் ஒரு பழைய பேட்ச் ஜாபை 'நீக்கலாம்' என்று குறித்திருந்தேன். ஓய்வுபெற இருந்த அல்சூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, அதை நிறுத்தினா மாசக் கடைசியில ஏஜென்ட் கமிஷன் போகாது" என்றார். எந்தப் படத்திலும் அந்தத் தொடர்பைக் காட்டும் கோடு இல்லை. மூன்று மதியம் கேன்டீனில் அவரோடு உட்கார்ந்து, இப்படி ஒளிந்திருந்த மற்றவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் எழுதிய ஏ.டி.ஆர். (ஆர்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்ட், அதாவது முடிவுக் குறிப்பு) முறைக்கு மாறினோம். ஒரு முடிவுக்கு ஒரு பக்கம்: என்ன சூழல், என்ன முடிவு, அதனால் வரும் நல்லது கெட்டது. புரோகிராம் கோடைச் சேமித்து வைக்கும் ரெப்போவிலேயே கிடக்கும், முடிவு மாறினால் பழையதை அழிக்காமல் 'காலாவதி' என்று குறித்துவிட்டுப் புதியது எழுத வேண்டும். வாடிக்கையாளர் தகவலோ பணமோ சம்பந்தப்பட்டால் மட்டும் போர்டு, அதுவும் வாராவாரம் அரை மணி நேரம்.

பழைய பாலிசி சிஸ்டத்தையும் ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. வரும் கோரிக்கைகளைப் பழையதற்கோ புதியதற்கோ பிரித்து அனுப்ப முன்னால் ஒரு ஏபிஐ அடுக்கு வைத்து, முதலில் முகவரி மாற்றம், பிறகு பிரீமியம் ரசீது என்று ஒவ்வொன்றாகப் புது இடத்துக்கு நகர்த்தினோம்.

கமிஷன் ஜாப் இன்னும் பழைய இடத்தில்தான் ஓடுகிறது. அல்சூர்க்காரர் ஓய்வு பெற்றுவிட்டார், மாதக் கடைசியில் மட்டும் போன் செய்து "ஓடுச்சா தம்பி?" என்று கேட்பார்.