பாரம் தாங்கும் மென்மை

நுண்ணோக்கியின் நான்கு கால்களுக்கும் அடியில் ரப்பர் துண்டுகளை வைத்த அன்று, படம் முன்பைவிட அதிகமாக நடுங்கியது. கீழ்த்தளத்தில் ஓடும் கம்ப்ரெசரின் அதிர்வு மேலே வராமல் தடுக்கத்தான் அவற்றை வாங்கி வந்திருந்தேன். கம்ப்ரெசர் நிமிடத்துக்கு 720 சுற்று சுற்றியது, அதாவது நொடிக்கு 12. ரப்பரோ பாரத்தின்கீழ் 2 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தது. இந்த இரண்டு எண்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டும்.

ஒரு பொருள் சுருள்வில்லின்மேல் அமரும்போது எவ்வளவு கீழிறங்குகிறது என்பதை வைத்தே அதன் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஊசலாடும் என்பதை, சொல்லிவிடலாம். இறக்கத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8 ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 2 மி.மீ. இறக்கத்துக்குச் சுமார் 11 ஹெர்ட்ஸ். அசையாமல் பாரம் தாங்கும்போது இருப்பதைவிட அதிரும்போது ரப்பர் சற்றே கூடுதல் விறைப்புக் காட்டும் என்பதால், உண்மையான அதிர்வெண் 12 ஐ இன்னும் நெருங்குகிறது. ஆகவே நான் வைத்த தடுப்பு கம்ப்ரெசரோடு ஒத்ததிர்ந்தது. வரும் அதிர்வின் அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.41 மடங்கைத் தாண்டிய பிறகே எந்தச் சுருள்வில்லும் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே அது அதிர்வைக் கூட்டத்தான் செய்யும்.

மென்மையான எஃகுச் சுருள்வில்களை வைத்ததும் கம்ப்ரெசரின் தொல்லை தீர்ந்தது. ஆனால் அதன் பிறகுதான் உண்மையான கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. 1 ஹெர்ட்ஸ் இயல்பு அதிர்வெண் வேண்டுமென்றால் வில் 25 சென்டிமீட்டர் இறங்க வேண்டும்; அரை ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டர். அவ்வளவு நீண்ட வில்லின்மேல் ஒரு கருவியை நிற்க வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்துவிடும். பாரம் இரட்டித்தால் இறக்கமும் இரட்டிக்கும் நேரியல் வில்லில் பாரத்தைத் தாங்குவதற்கும் அதிர்வைத் தடுப்பதற்கும் ஒரே விறைப்புதான் பொறுப்பு என்பதால், ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றொன்று கிடைக்கும். தாங்கும் விசை பெரிதாக இருக்கட்டும், கருவி நிற்கும் இடத்தில் விசைக்கோட்டின் (இறக்கத்தோடு விசை எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு) சரிவு, அதாவது விறைப்பு, மட்டும் சிறிதாக இருக்கட்டும் என்று கேட்பதுதான் நேரியலற்ற முறை.

இப்படிப்பட்ட கோட்டை ஒரு வாஷரிலேயே காணலாம். கூம்பு வடிவில் அமைந்த பெல்வில் வாஷரில், கூம்பின் உயரம் தகட்டின் தடிமனைப் போல ஏறத்தாழ 1.41 மடங்காக இருந்தால், அது அமுங்கித் தட்டையாகும் நிலையில் விசைக்கோடு கிடைமட்டமாகிவிடுகிறது. பாரம் முழுவதும் அதன் தலைமேல் இருக்கும்போதே, அந்த ஒரு புள்ளியில் அதற்கு விறைப்பே இல்லாமல் போகிறது.

நான் மேசையில் செய்து பார்த்தது வேறொரு வடிவம். 2 கிலோ எடைக்கு அடியில் செங்குத்தாக ஒரு வில். அதன் விறைப்பு மீட்டருக்கு 400 நியூட்டன். எடை 4.9 செ.மீ. இறங்கி நின்றது, பத்து ஊசலாட்டத்துக்கு 4.4 நொடி, அதாவது 2.25 ஹெர்ட்ஸ். பிறகு எடையின் இருபுறமும் கிடைமட்டமாக இரண்டு வில்களை வைத்துத் திருகால் நெருக்கினேன். எடை சரியாக நடுவில் நிற்கும்வரை இவை ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுவதோடு சரி. பாரத்தில் எந்தப் பங்கும் எடுப்பதில்லை. எடை ஒரு மயிரிழை மேலே போனால் அதை மேலும் மேலே தள்ளும். கீழே போனால் மேலும் கீழே தள்ளும். சுவரில் உள்ள மின்சுவிட்சின் குமிழ் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் விழுவதும் இதே காரணத்தால்தான். செங்குத்து வில்லோ எடையை நடுவுக்கே இழுக்கிறது. ஒன்றின் விறைப்பிலிருந்து மற்றொன்றின் எதிர் விறைப்பு கழிந்துவிடுகிறது.

திருகை ஒவ்வொரு கால் சுற்றாகத் திருக, ஊசலாட்டம் மந்தமாகிக்கொண்டே வந்தது. பத்து ஊசலாட்டத்துக்கு 12.6 நொடி ஆனபோது நிறுத்தினேன்: 0.8 ஹெர்ட்ஸ், அதாவது விறைப்பு எட்டில் ஒரு பங்கு. இதே அதிர்வெண்ணுக்குத் தனி வில் 39 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும், என் எடையோ அதே 4.9 செ.மீ. இறக்கத்தில்தான் நின்றது. தரையில் 2 ஹெர்ட்ஸ் அதிர்வு இருந்தால், கணக்குப்படி தனி வில் அதை ஏறக்குறைய ஐந்து மடங்காக்கும், இந்த அமைப்போ ஐந்தில் ஒரு பங்காக்கும். இன்னும் அரைச் சுற்றுத் திருகியதும் எடை நடுவில் நிற்க மறுத்து, டக்கென்று கீழே போய் அமர்ந்துகொண்டது. எதிர் விறைப்பு வென்றுவிட்டது.

இந்த மென்மைக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. 50 கிராம் கூடுதலாக வைத்தால் தனி வில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இறங்கும். இது முக்கால் சென்டிமீட்டர் இறங்கி, மென்மையான இடத்தைவிட்டே விலகிவிடுகிறது. ஆகவே பாரம் மாறும்போதெல்லாம் உயரத்தைத் திருத்த வேண்டும். வீச்சு கூடினால் விறைப்பும் கூடுவது இன்னொரு சிக்கல். பழைய கார் வைப்பர் மோட்டாரால் அடித்தளத்தை மேலும் கீழும் ஆட்டி, வேகத்தை மெல்லக் கூட்டினேன். வீச்சு வளர்ந்துகொண்டே போய், ஒரு வேகத்தில் சட்டென்று சரிந்து அடங்கியது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தபோது அதே இடத்தில் அது திரும்ப எழவில்லை. இன்னும் கீழே வந்த பிறகே எகிறியது. இடைப்பட்ட வேகங்களில் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. ஜெர்மானியப் பொறியாளர் கியோர்க் டஃபிங் 1918 இல் வெளியிட்ட நூலின் சமன்பாடு சொல்வதை மேசைமேல் கண்ணால் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இத்தாலியில் பீசா நகருக்கு அருகிலுள்ள விர்கோ ஈர்ப்பலை ஆய்வகத்திலும் இதே உத்தி இருக்கிறது. கண்ணாடிகளைத் தாங்கும் ஊசல் தொடரில், எஃகுத் தகட்டு வில்கள் பாரத்தைச் சுமக்க, எதிரெதிரே வைத்த நிரந்தரக் காந்தங்கள் எதிர் விறைப்பைக் கொடுக்கின்றன. அந்தக் காந்தங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கையால் ஆட்டியபோது 0.8 ஹெர்ட்ஸ் காட்டிய என் மாதிரியை நுண்ணோக்கியின் மேசைக்குக் கொண்டுபோனபோது தொடாமல் இருப்பதன் அருமை புரிந்தது. தரையின் அதிர்வு சில மைக்ரோமீட்டர்தான். அவ்வளவு சிறிய அசைவில் பக்க வில்களின் கீல் ஊசிகள் உராய்வால் பிடித்துக்கொண்டு திரும்பவே இல்லை. திரும்பாத கீல் இறுகிய கம்பியைப் போன்றது; தரையின் அதிர்வு அதன் வழியே நேராக மேலேறுகிறது. இப்போது ஊசிகளைக் கழற்றிவிட்டு, 0.1 மி.மீ. தடிமனுள்ள வில்லெஃகுப் பட்டைகளைக் கீலாக வைத்திருக்கிறேன். பட்டை வளையும்போது உராய்வு இல்லை. ஆனால் அந்த வளைவே கொஞ்சம் விறைப்பைச் சேர்ப்பதால், பக்கத் திருகை மீண்டும் முதலிலிருந்து, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகிக்கொண்டு வருகிறேன்.