ஏசீரியாவைப் படித்த விதம்: சிலந்திப்பேன் தாள் எழுதப்போகிறவர்களுக்கு

வேளாண் பூச்சியியல் முதுகலையில் சிலந்திப்பேன் (மைட்) தாள் என்றதும் பலரும் வகைப்பாட்டு அட்டவணையை எடுத்து உருப்போடத் தொடங்கிவிடுவார்கள். செடிகளில் வாழும் கண்ணுக்கெட்டாத சிலந்திப்பேன்களின் பேரினமான ஏசீரியாவை நான் அப்படிப் படிக்கவில்லை. அது எங்கே ஒளிந்து வாழ்கிறது என்பதில் ஆரம்பித்தேன். உடலமைப்பும் வகைப்பாடும் பின்னாலேயே வந்து சேர்ந்தன.

முதலில் ஒரு புங்க மரத்தைத் தேடிப் போங்கள். இலை முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் ஏசீரியா பொங்காமியேயின் வேலைதான். ஒரு முடிச்சைப் பிளேடால் கீறி நுண்ணோக்கியில் வையுங்கள். 0.2 மி.மீ. அளவில், புழு மாதிரி வெளிறிய உயிர்கள் நெளியும். கால்களை எண்ணுங்கள். மற்ற சிலந்திப்பேன்களில் பெரும்பாலானவை முதிர்ந்தபின் நான்கு ஜோடிக் கால்களோடு திரியும். இவற்றுக்கு எந்தப் பருவத்திலும் இரண்டே ஜோடி. முடிச்சுக்குள்ளும் மொட்டு இடுக்கிலும் நுழைந்து வாழ, வளையம் வளையமாக நீண்ட மெல்லிய உடல்தான் தோது. சுவாசக் குழல்கள் கிடையாது. அந்த அளவு உடலுக்குத் தோல் வழியே நடக்கும் பரிமாற்றமே போதும். கால் நுனியில் இறகு வடிவ நகம். இனப்பெருக்கத் துளை உடலின் கடைசியில் இல்லை, இரண்டாம் ஜோடிக் கால்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். ஆணும் பெண்ணும் இணைசேர்வதில்லை. ஆண் விந்துப் பொதியைச் செடியின் பரப்பில் வைத்துவிட்டுப் போய்விடும். பெண் அதை எடுத்துக்கொள்ளும். கருவுறாத முட்டை ஆணாகும். குறுவினாக்களுக்கு ஏற்ற பகுதி இது.

தென்னையைத் தாக்கும் ஏசீரியா குவெரெரோனிஸைத் தனியாகப் படியுங்கள். மெக்சிகோவின் குவெரெரோ மாநிலத்து மாதிரியை வைத்து 1965இல் அமெரிக்கச் சிலந்திப்பேன் ஆய்வாளர் கீஃபர் பெயரிட்ட இனம். இந்தியாவில் 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் பகுதியில் தெரியவந்து, பிறகு தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கும் பரவியது. குரும்பையின் தலையை மூடியிருக்கும் இதழ்களுக்கு அடியில் இருந்து சாற்றை உறிஞ்சும். முதலில் வெளிறிய முக்கோணத் திட்டு, பிறகு பழுப்பு, பிறகு வெடிப்பு. முட்டையிலிருந்து முதிர்நிலை வரை ஏறத்தாழ பத்து நாள். ‘மருந்து தெளித்தும் ஏன் அடங்குவதில்லை’ என்று கேட்டால், மருந்து எட்டாதபடி மறைக்கும் அந்த இதழ்களையும், அடுத்த தலைமுறை வந்துவிடும் இந்தப் பத்து நாளையும் சேர்த்து எழுதுங்கள், விடை முடிந்தது.

இப்போது வகைப்பாடு. ஈரியோஃபியாய்டியா பெருங்குடும்பத்தில் ஃபைடாப்டிடே, ஈரியோஃபிடே, டிப்டிலோமியோபிடே என மூன்று குடும்பங்கள். ஏசீரியா நடுவில் உள்ளதைச் சேர்ந்தது. கீஃபர் 1944இல் நிறுவிய பேரினம். பலருக்கும் குழப்பம் வருவது ஏசீரியாவுக்கும் அதே குடும்பத்து இன்னொரு பேரினமான ஈரியோஃபயஸுக்கும் இடையில்தான். முதுகுக் கேடயத்தில், அதாவது உடலின் முன்பகுதியில் முதுகை மூடும் தகட்டில், உள்ள இரண்டு மயிர்களைப் பாருங்கள். அவற்றின் அடிக்குமிழ் கேடயத்தின் பின்விளிம்பிலேயே அமைந்து, மயிர் பின்னோக்கிச் சாய்ந்தால் ஏசீரியா. குமிழ் விளிம்புக்கு முன்னால் இருந்து, மயிர் மேலோ முன்னோ நோக்கினால் ஈரியோஃபயஸ். 1970, 80களின் கட்டுரைகளில் தென்னைச் சிலந்திப்பேனே ‘ஈரியோஃபயஸ் குவெரெரோனிஸ்’ என்று வரும். வேறு இனமோ என்று மலைக்க வேண்டாம், அப்போதைய பெயரிடல் அப்படி.

நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நோய் பரப்பும் இனங்களை விட்டுவிடாதீர்கள். துவரை மலட்டுத் தேமலுக்கு ஏசீரியா கஜானி. கோதுமைக் கீற்றுத் தேமலுக்கு ஏசீரியா டோசிகெல்லா. பழைய நூல்கள் கோதுமைக்கு ஏசீரியா டூலிபே என்று எழுதியிருக்கும், ஆனால் டூலிபே பூண்டையும் டூலிப்பையும் சார்ந்தது. பொருத்துக வினாவில் மாட்டிவிடுகிற இடம் இது.

செய்முறைக்கு ஒரு சொல். சாதாரண ஒளியில் கேடயக் கோடுகள் மங்கலாகத்தான் தெரியும். நிறமற்ற பொருளையும் எடுப்பாகக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதியுள்ள நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கி, எண்ணெய் லென்ஸில் பாருங்கள். ஒரே சிலைடில் பல சிலந்திப்பேன்களை ஏற்றுங்கள், சில முதுகு காட்டியும் சில வயிறு காட்டியும் படியும். கேடயத்துக்கு முதுகுப்பக்கமும் இனப்பெருக்கத் துளையின் மூடிக்கு வயிற்றுப்பக்கமும் வேண்டும்.