பழைய குடும்பப் படத்தில் நிற்கும் கார்: மாடலைக் கண்டுபிடித்து ஆண்டைக் கணிக்கும் வழி

பழைய ஆல்பத்தில் ஆண்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மனிதர்கள் அல்ல, அவர்கள் சாய்ந்து நிற்கும் கார்தான். உடையும் தலைவாரும் விதமும் பல வருடங்கள் மாறாமல் இருக்கும். கார் கம்பெனிகள் அப்படி விடுவதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை முகப்புக் கம்பிவலையான கிரில்லையோ, விளக்கையோ, கண்ணாடியையோ மாற்றிவிடும். எங்கள் வீட்டுப் படங்களை ஒழுங்குபடுத்தும் வேலையில் கைவந்த முறையை, அடுத்தவருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கார் தருவது கீழ் எல்லை மட்டும்தான். படத்தில் இருப்பது 1956இல் வெளிவந்த மாடல் என்றால், படம் 1956க்கு முன் எடுக்கப்படவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். 1956இல் எடுத்தது என்று சொல்ல முடியாது. கார்கள் இருபது வருடம் ஓடியிருக்கின்றன, நான்கு கை மாறியிருக்கின்றன. மேல் எல்லையை வேறு சான்றுகள்தான் தர வேண்டும்: மடியில் இருக்கும் குழந்தையின் வயது, தாளின் வகை, பின்னால் தெரியும் கட்டடம். இணையத்தில் சுற்றும் குடும்பப் படங்களில் பல தவறான ஆண்டோடு இருப்பதற்கு, கார் மாடலின் ஆண்டையே படத்தின் ஆண்டாக எழுதிவிடுவதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

வேலை ஸ்கேனரில் தொடங்குகிறது. கருப்புத் தாள் ஆல்பத்தில் மூலைக் கவசங்களில் செருகிய படங்களை எளிதாக எடுத்துவிடலாம். பசைத்தாளும் பிளாஸ்டிக் மூடியும் கொண்ட ஆல்பங்கள்தான் ஆபத்து. அவற்றில் படத்தை மூலையைப் பிடித்து இழுத்தால் மேற்பரப்பு விரிசல் விடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே செலுத்தி, மெதுவாக அறுப்பதுபோல் நகர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். விடவில்லை என்றால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிட வேண்டும். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே கூடாது, கண்ணாடியோடு ஸ்கேன் செய்வதுதான் வழி. ஈரத்துணி எதன் மேலும் படக்கூடாது. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் அடுக்கு தண்ணீரில் ஊறி வீங்கும். மென்மையான பிரஷ், ஊதுபந்து இரண்டும் போதும்.

பிரிண்டுகளுக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, சரியான அளவு. அதற்கு மேல் போனால் பெரும்பாலான பிரிண்டுகளில் புது விவரம் கிடைக்காது, கோப்புதான் பெருக்கும். விதிவிலக்கு நெகட்டிவிலிருந்து நேரடியாகத் தாளில் எடுத்த சின்னப் படங்கள். 120 பிலிம் காலத்தில் 6×6, 6×9 சென்டிமீட்டர் அளவிலேயே பலர் பிரிண்ட் போட்டு வைத்திருந்தார்கள். பெரிதாக்காத படம் என்பதால் அதில் விவரம் நெருக்கமாக இருக்கும்; 1200 டிபிஐ வைத்தால் நம்பர் பிளேட் தெளிவதுண்டு. நெகட்டிவே கையில் இருந்தால் அதுதான் புதையல், 2400 டிபிஐக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். கருப்பு வெள்ளைப் படமானாலும் கலர் முறையில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். பின்னாலிருந்து ஊறிய மை, மஞ்சளான பகுதி, இருண்ட இடங்களில் படியும் நீலநிற வெள்ளிப் பளபளப்பு எல்லாம் கலரில்தான் பிரிந்து தெரியும். ஸ்கேனர் மென்பொருளில் கூர்மையாக்கல், தூசி நீக்கல் இரண்டையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கல், ஹெட்லைட் வளையத்தில் இருக்கும் சின்னப் பளபளப்பையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும். மூலக்கோப்பை டிஃப் வடிவத்தில் வைத்து அதில் கை வைக்காமல், பிரதியில் மட்டும் வேலை செய்ய வேண்டும். பட்டுப்போல் புடைத்த தாளில் போட்ட பிரிண்டுகள் ஸ்கேனரில் புள்ளிப்புள்ளியாக மின்னும். அதே படத்தை 180 டிகிரி திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் மின்னல் பெருமளவு அடங்கும்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யத் தவறக்கூடாது. ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து, தாள் கம்பெனியின் பெயர் ஆகியவை அங்கேதான் இருக்கும். 1950, 60களின் கலர் பிரிண்டுகள் சிலவற்றின் வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது பிரிண்ட் போட்ட தேதி, எடுத்த தேதி அல்ல. பழைய நெகட்டிவைப் பல வருடம் கழித்துப் பிரிண்ட் போட்டிருக்கலாம்.

காரைப் பார்ப்பதற்கு முன் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போடுவது அந்நாளில் சாதாரணம். நம்பர் பிளேட் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தால் சந்தேகமே இல்லை. பிளேட் தெரியாத படத்தில் ஸ்டியரிங் எந்தப் பக்கம், ஆண்களின் சட்டைப் பித்தான் எந்தப் பக்கம், கடிகாரம் எந்தக் கையில் என்று பாருங்கள். இதைச் சரிபார்க்காமல் போனால், வலதுபக்க ஸ்டியரிங் வண்டியை இடதுபக்க ஸ்டியரிங் இறக்குமதி என்று எழுதிவிட நேரும்.

இனி கார். முதலில் காலகட்டம், பிறகு கம்பெனி, கடைசியில் மாடல் என்ற வரிசையில் போவதே நல்லது. எடுத்த எடுப்பில் மாடல் பெயரைத் தேடினால் கண்ணுக்குப் பிடித்த பெயரில் மனம் ஒட்டிக்கொள்ளும். கதவுக்குக் கீழே மட்கார்டு முதல் மட்கார்டு வரை நீளும் ஃபுட்போர்டு, தனியாகத் தண்டில் நிற்கும் ஹெட்லைட், மரக்கம்பி அல்லது இரும்புக்கம்பிச் சக்கரம் எல்லாம் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 1930களோ அதற்கு முந்தியதோ. ஹெட்லைட் மட்கார்டுக்குள் புதைந்து, ஃபுட்போர்டு மறைந்து, உடல் ஒரே சதையாக உருண்டால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. முன்கண்ணாடி நடுவில் தண்டு வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் பெரும்பாலும் 1950களின் நடுப்பகுதிக்குள் வந்த வண்டி. கதவுத் தூணில் ஒரு சின்ன நீள்பள்ளம் தெரிந்தால், திரும்பும்போது கைபோல் வெளியே நீளும் சைகைக் கம்பி அதற்குள் இருக்கிறது. மின்னும் இண்டிகேட்டர் பரவுவதற்கு முந்திய ஏற்பாடு அது, பிரிட்டிஷ் வண்டிகளில் அதிகம் பார்க்கலாம். அமெரிக்க வண்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. 1942 பிப்ரவரியில் அங்கே பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. போர் முடிந்ததும் வந்த 1946 மாடல்கள் பலவும் 1942 உடலுக்குப் புதுக் கிரில் போட்டவைதான். கிரில் தெரியாத பக்கவாட்டுப் படத்தில் இரண்டையும் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மாடலுக்குள் ஆண்டைப் பிரிப்பது சின்ன உறுப்புகள்தான், இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை வந்தது. ரேடியேட்டர் கூடு பித்தளையாகப் பளபளத்தால் 1916 மாடலோ அதற்கு முந்தியதோ, கருப்புப் பூச்சு என்றால் 1917 முதல். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் வயது அதன் பின்கண்ணாடியில் இருக்கிறது. இரண்டாகப் பிளந்தது என்றால் 1953 மார்ச்சுக்குள், ஒற்றை முட்டை வடிவம் என்றால் அதற்குப் பிறகு 1957 வரை, அகன்ற செவ்வகம் என்றால் அதற்கும் பிந்தியது. முன்பக்கம் நின்று எடுத்த படத்தில் இது தெரியாமல் போவது உண்மையிலேயே வருத்தம்தான். 1948இல் வந்த மாரிஸ் மைனரில் முதலில் ஹெட்லைட் கிரில்லை ஒட்டித் தாழ்வாக இருந்தது, சில வருடங்களில் மட்கார்டு மேல் ஏறியது. 1956இல் வந்த மைனர் 1000இல் பிளந்த முன்கண்ணாடி போய் ஒற்றை வளைவுக் கண்ணாடி வந்தது.

இந்திய ஆல்பங்களில் அதிகம் குழப்புவது லேண்ட்மாஸ்டரும் அம்பாசிடரும். லேண்ட்மாஸ்டர் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 2இன் இந்திய வடிவம், 1954இல் வந்தது. அம்பாசிடர் சீரீஸ் 3இன் வடிவம், 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை உருவானது. முதலாவதில் பின் மட்கார்டு வழுக்கிக்கொண்டு உருண்டு இறங்கும். அம்பாசிடரில் அதே இடத்தில் லேசான வால் துடுப்பு எழும்பியிருக்கும், ஹெட்லைட்டுக்கு மேல் புருவம்போல் ஒரு முன்நீட்டம் இருக்கும். ஆனால் அம்பாசிடர் என்று கண்டதும் நிம்மதி அடைய முடியாது, அத்தனை வருட உற்பத்தியில் உடல் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. கிரில்லைப் பார்த்துத்தான் மார்க் 1, மார்க் 2 என்ற பதிப்புகளைப் பிரிக்க வேண்டும். அதிலும், பழைய வண்டிக்குப் புதுக் கிரில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம் என்பதால் கிரில் மட்டும் தனிச் சான்று ஆகாது. ஃபியட் 1100 டி வடிவமும் அப்படித்தான். 1960களில் வந்த அதே பெட்டி உடல் பிற்பாடு பிரீமியர் பத்மினி என்ற பெயரில் 2000ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை தொடர்ந்தது. முன்கதவின் கீல் பின்பக்கம் இருந்து, கதவு எதிர்ப்புறமாகத் திறந்தால் மட்டும் அது 1950களின் உருண்டை ஃபியட் 1100. ஸ்டாண்டர்டு ஹெரால்டில் நான்கு கதவு கண்டால் அது கட்டாயம் இந்தியத் தயாரிப்பு. பிரிட்டனில் வந்த டிரையம்ப் ஹெரால்டில் நான்கு கதவு கிடையாது.

வண்டி நேர்ப் பக்கவாட்டில் நின்றால் இன்னொரு சோதனை செய்யலாம். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை உள்ள தூரத்தைத் திரையில் அளந்து, டயரின் வெளி விட்டத்தால் வகுக்க வேண்டும். அம்பாசிடரின் சக்கர இடைவெளி 97 அங்குலம், மாரிஸ் மைனருக்கு 86 அங்குலம், பீட்டிலுக்கு 94.5 அங்குலம். அந்த வண்டிக்குரிய டயர் விட்டத்தைத் தெரிந்துகொண்டு வகுத்தால் எதிர்பார்க்க வேண்டிய விகிதம் கிடைக்கும். இரண்டு சக்கரமும் படத்தில் வட்டமாகத் தெரிந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். நீள்வட்டமாகத் தெரிந்தால் வண்டி கேமராவுக்குக் கோணலாக நிற்கிறது, அளவு ஏமாற்றும்.

நம்பர் பிளேட் படிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பிரிட்டனில் 1963 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து பிளேட்டின் கடைசியில் வரத் தொடங்கியது, 1965இல் எல்லா இடத்திலும் கட்டாயமானது. இந்தியாவில் டிஎன், கேஎல், கேஏ என்ற மாநில எழுத்து முறை 1989இல் வந்தது. இலங்கையில் 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து பிளேட்டில் ஏறியது. மங்கிய எழுத்தைப் படிக்க, பிளேட் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். 3க்கும் 8க்கும் நடுவில் சந்தேகம் வந்தால், இரண்டையும் எழுதிக் கேள்விக்குறி போடுவதே நேர்மை. ஒரே பிளேட் வெவ்வேறு வருடப் படங்களில் வந்தால் அது வீட்டுக் கார் என்று நம்பலாம். ஒரே ஒரு படத்தில் மட்டும் வந்தால் இரவல் வண்டியாகவோ வாடகை வண்டியாகவோ, தெருவில் நின்றிருந்த யாரோ ஒருவருடையதாகவோ இருக்கலாம். ஸ்டூடியோவில் மரத்திலும் அட்டையிலும் செய்து வைத்த கார்களும் உண்டு. சக்கரம் தரையில் நிழல் விழாமல் தட்டையாக நின்றால் அந்தக் கோணத்தில் யோசியுங்கள்.

இரண்டு வலைகளில் விழக்கூடாது. ஒன்று நிறம். பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம் சிவப்பை உணராது, சிவப்பு வண்டி கிட்டத்தட்டக் கருப்பாகவே பதியும். ஆகவே கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறம் எழுத வேண்டாம். இன்னொன்று, செயற்கை நுண்ணறிவு வைத்துப் படத்தைத் தெளிவாக்கும் செயலிகள். அவை இல்லாத கிரில் கம்பியை வரையும், பிளேட்டில் இல்லாத எழுத்தை எழுதும், பார்க்கவும் நம்பும்படி இருக்கும். சுவரில் மாட்ட வேண்டுமானால் பயன்படுத்துங்கள். அடையாளம் காணும் வேலைக்கு மூல ஸ்கேன் தவிர எதையும் தொடாதீர்கள்.

கடைசியாகப் பெரியவர்களிடம் கேட்பது. மாடல் பெயரை நாமே முதலில் சொல்லிவிட்டால், அவர்கள் நினைவு அந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. படத்தை 8×10 அங்குலத்துக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். போன் திரையில் வயதானவர்களுக்கு முகம்கூடத் தெரியாது. “இது எந்தக் கார்?” என்று கேட்பதைவிட, முன்சீட்டில் யார் உட்காருவார்கள், கைப்பிடி சுற்றித்தான் ஸ்டார்ட் செய்வார்களா, கியர் ஸ்டியரிங்கில் இருந்ததா தரையில் இருந்ததா, மழை வந்தால் எங்கே ஒழுகும் என்று கேட்டால் பதில் அருவியாய்க் கொட்டும். கியர் இருந்த இடமும் கைப்பிடியும் மாடலைச் சுருக்கிக் காட்டும் சான்றுகளும்கூட. பேச்சை ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும். “அத்தை சொன்னது” என்பதையும் “படத்தில் தெரிவது” என்பதையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டாலும் எதையும் அழிக்க வேண்டாம், பிறகு வரும் இன்னொரு படம் அத்தை பக்கம் தீர்ப்புச் சொல்லலாம்.

கோப்பின் பெயரில் ஆண்டை வரம்பாகவே எழுதுவது என் வழக்கம்: “1956-1962, மாரிஸ் மைனர் 1000, இடதுபுறம் பெரியப்பா” என்பதுபோல. இதே குறிப்பைப் படக்கோப்புக்குள் இருக்கும் விவரக்குறிப்பிலும் ஏற்ற வேண்டும். அசல் பிரிண்டின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் முனை முன்பக்கம் வரை தடம் பதிக்கும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். அசல்களை அமிலமற்ற தாள் உறையில் வைக்கலாம். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், உள்ளே ஏற்றிய குறிப்புகளும் கழன்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் எழுதிய பெயர்களும் ஆண்டும் படத்தோடு சேர்ந்தே போகும்.